முகாம் முடிந்தது, இனி மோட்டாரை யார் போடுவது?

பதிக்காரன்:

வணக்கம். பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே, வேலந்தாவளம் எல்லைக்கு இந்தப் பக்கம் ஒரு சின்னப் பதி (சிற்றூர்) எங்களுடையது. பேசுவது தமிழ், ரேஷன் கார்டு மலையாளம், ஆஸ்பத்திரிக்கும் துணிமணிக்கும் கோயமுத்தூர். கேரளம் என்றாலே மழை என்று வெளியூர்க்காரர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். மாநிலச் சராசரி 3,000 மில்லிமீட்டரை ஒட்டி இருக்கும். எங்கள் பக்கம் அதில் பாதிகூடப் பெய்யாது. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்றுதான் வரும், மேகம் தலைக்கு மேலே ஓடிவிடும். நாங்கள் நம்பியிருப்பது ஐப்பசி, கார்த்திகை மழையை.

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் அங்கன்வாடி பல வருஷமாக ஒரு வாடகை அறையில் நடந்துகொண்டிருந்தது. கோவைக் கல்லூரி ஒன்றிலிருந்து முகாமுக்கு வந்த நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள், எங்கள் இளைஞர் மன்றம், திருப்பூரில் வேலை பார்க்கிற எங்கள் ஊர்ப் பையன்கள் (ஞாயிறு மட்டும்), இவர்கள் எல்லாரும் சேர்ந்து இப்போது நாலு வேலையை முடித்திருக்கிறார்கள். அங்கன்வாடிக் கட்டடம், அதோடு ஒரு கழிப்பறை, 10,000 லிட்டர் ஃபெர்ரோசிமென்ட் (கம்பிவலையில் சிமென்ட் பூசியது) மழைநீர்த் தொட்டி. நாலாவது, பாழாய்க் கிடந்த ஊர்ப் பொதுக்கிணற்றைத் தூர்வாரி, மோட்டார் வைத்து, நாற்பது வீட்டுக்கும் சேர்த்து ஐந்து தெருக்குழாய். கிணற்றிலிருந்து வெளியே வந்தவை: குடங்கள், ஒரு சைக்கிள் ரிம், ஆட்டுக்கல் குழவி, யாரோ கல்யாணத்துக்குக் கட்டிய சீரியல் செட்.

செங்கல் ஒரு சூளைக்காரர் கொடுத்தார். கொத்தனாருக்குக் கூலி கொடுத்தோம். மற்றதெல்லாம் உழைப்பு.

வருகிற ஞாயிறு திறப்பு விழா. கல்வெட்டுக்கு ஆர்டர் கொடுத்தாயிற்று. மாணவர்கள் திங்கட்கிழமை பஸ் ஏறிவிடுவார்கள். அதற்கப்புறம் என்ன செய்வது என்று இதுபோல வேலை நடந்த ஊர்க்காரர்கள் சொன்னால் நல்லது. வாழ்த்தை விட அதுதான் வேண்டும்.

மலர்வனம்:

அருமையான முயற்சி, அண்ணா. வாழ்த்துகள். (வேண்டாம் என்று சொன்னாலும் சொல்வேன்.)

தண்ணிக் கணக்கு:

முதலில் தொட்டிக் கணக்கு. கூரை 60 சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்கிறேன். 1 மில்லிமீட்டர் மழைக்கு 60 லிட்டர். சிதறல், ஒழுகல் போக 80 சதவீதம் பிடித்தால் 48 லிட்டர். ஆக 210 மில்லிமீட்டர் பெய்தால் தொட்டி நிரம்பிவிடும். ஐப்பசியும் கார்த்திகையும் ஓரளவு பெய்தால் போதும்.

சிக்கல் செலவில்தான் இருக்கிறது. 25 குழந்தைகள், ஆளுக்கு 5 லிட்டர் என்றால் நாளுக்கு 125 லிட்டர், 80 வேலைநாளில் தொட்டி காலி. மார்கழியில் எடுக்க ஆரம்பித்தால் பங்குனியில் தரை தெரியும். சரியாக வெயில் தொடங்கும் நேரம். அதே தொட்டியைக் குடிக்கவும் கஞ்சி வைக்கவும் மட்டும் என்று வைத்துக்கொண்டால் ஆளுக்கு 3 லிட்டர், நாளுக்கு 75, அப்போது 133 வேலைநாள் வரும். மாதம் 25 நாள் என்றால் வைகாசி வரை ஓட்டலாம். கைகால் கழுவக் கிணற்றுத் தண்ணீர்.

அதனால் தொட்டிக்கு ஒரே ஒரு குழாய்தான் இருக்க வேண்டும், அதுவும் சமையலறைக்கு உள்ளே. வெளிச்சுவரில் அழகாக நாலு குழாய் வைத்திருந்தால் இன்றைக்கே கழற்றிவிடுங்கள்.

அப்புறம் இரண்டு கேள்வி. முதல் மழையைக் கழித்துவிட என்ன ஏற்பாடு? கிணற்றுத் தண்ணீரில் ஃபுளோரைடு பார்த்தீர்களா?

பதிக்காரன்:

வெளிச்சுவரில் மூன்று குழாய் இருக்கிறது. கழற்றச் சொல்கிறேன். முதல் மழைக்கு நாலு இஞ்ச் பைப் ஒன்றைக் கீழே மூடி போட்டு நிறுத்தியிருக்கிறோம், ஆள் உயரம். கிணற்றுத் தண்ணீர் இன்னும் லேபுக்குப் போகவில்லை. ஃபுளோரைடு பயம் எங்களுக்கு உண்டு. பக்கத்துத் தெருவில் போர்வெல் தண்ணீர் குடித்து வளர்ந்த பிள்ளைகளின் முன்பல்லில் பழுப்புக் கோடு விழுந்திருக்கிறது. எவ்வளவு தேய்த்தாலும் போகாது.

தண்ணிக் கணக்கு:

நாலு இஞ்ச் பைப் ஒரு மீட்டருக்குச் சுமார் 8 லிட்டர்தான் பிடிக்கும். ஆள் உயரம் என்றால் 14 லிட்டர் வைத்துக்கொள்ளுங்கள். 60 சதுர மீட்டர் கூரையில் அரை மில்லிமீட்டர் மழையைக் கழிக்கவே 30 லிட்டர் வேண்டும். காக்கா எச்சமும் தூசியும் அதற்குள்தான் வருகிறது. பைப்புக்குப் பதிலாக 50 லிட்டர் டிரம் ஒன்று வையுங்கள், அடியில் சொட்டுகிற மாதிரி ஒரு சின்ன ஓட்டை. அடுத்த மழைக்குள் தானாகவே காலியாகிவிடும்.

ஃபுளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருந்தால் நல்லது. வேறு வழியே இல்லையென்றால் 1.5 வரை. கொதிக்க வைத்தால் போகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட இன்னும் கூடும். பாறைக்குள் ஆழமாகப் போன போர்வெல்லில்தான் பொதுவாக இது அதிகம், திறந்த கிணற்றில் குறைவாக இருக்க வாய்ப்பு உண்டு. ஆனாலும் சோதிக்காமல் குழாயைத் திறக்காதீர்கள்.

மேஸ்திரி மகன்:

எல்லாரும் தண்ணீரைப் பேசுகிறீர்கள், நான் கட்டடத்துக்கு வருகிறேன். சுவர் எப்படிக் கட்டினீர்கள்? மாணவர்கள் கரண்டி பிடித்தார்களா?

நான் பார்த்த முகாம்களில் எல்லாம் முதல் நாள் போட்டோவுக்காக ஆளுக்கு ஒரு கல் வைப்பார்கள். இரண்டாம் நாள் கொத்தனார் அதைச் சத்தமில்லாமல் பிரித்துத் திரும்பக் கட்டுவார். எங்கப்பா அப்படிப் பல சுவரைப் பிரித்திருக்கிறார்.

பதிக்காரன்:

சுவர் எலிப்பொறிக் கட்டு. கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கேரளத்தில் பரப்பிய முறை. கல்லைக் குத்தாக நிறுத்தி நடுவில் இடைவெளி விட்டுக் கட்டுவது. செங்கல் கால் பங்கு மிச்சம், வெயிலும் அவ்வளவாக உள்ளே இறங்காது. கொடையாக வந்த கல் அப்படிக் கட்டினால்தான் போதும் என்ற நிலைமை. கரண்டி பிடித்தது திருச்சூரில் இந்த வேலை பழகி வந்த கொத்தனாரும் அவருடைய இரண்டு ஆட்களும்தான். மாணவர்கள் கல் நனைத்தார்கள், கலவை சுமந்தார்கள், தூர்வாரினார்கள், பைப்புக்குக் காவா வெட்டினார்கள். ஒரு பையன் மட்டும் அடம்பிடித்துக் கடைசி வரியில் நாலு கல் வைத்தான். பிரிக்கவில்லை, நன்றாகவே இருந்தது.

மேஸ்திரி மகன்:

அப்படியென்றால் சரிதான். தொட்டியை எத்தனை நாள் நனைத்தீர்கள்? உங்கள் ஊர்க் காற்றுக்கு அதுதான் எமன். கம்பிவலை மேல் சிமென்ட் 1க்கு மணல் 3 கலவை பூசி, மதியம் சாப்பிட்டுவிட்டு வருவதற்குள் மேல்தோல் காய்ந்துவிடும். உடனே மயிரிழை வெடிப்பு விழும். சாக்கைச் சுற்றி, ராத்திரியும் தண்ணீர் ஊற்ற வேண்டும். ஏழு நாள் கட்டாயம், இரண்டு வாரம் என்றால் நிம்மதி. பிறகும் ஒரேயடியாக நிரப்பக் கூடாது, கொஞ்சம் கொஞ்சமாக ஏற்ற வேண்டும்.

பதிக்காரன்:

இரண்டு வாரம் சாக்கு சுற்றியிருந்தது. ராத்திரி முறை இளைஞர் மன்றத்துக்கு. கிழக்குப் பக்கம் ஓரிடத்தில் மட்டும் லேசாக வேர்க்கிறது, சிமென்ட் பால் அடித்திருக்கிறோம்.

நூறுநாள் அட்டை:

நான் கொஞ்சம் கசப்பாகப் பேசப்போகிறேன், கோபிக்காதீங்க. தூர்வாருவது, காவா வெட்டுவது, கல் சுமப்பது, இதெல்லாம் எங்கள் ஊரில் நூறுநாள் வேலைப் பெண்கள் செய்கிற வேலை. அதற்கு அவர்களுக்குக் கூலி உண்டு. நீங்கள் காலேஜ் பிள்ளைகளைக் கூட்டிவந்து இலவசமாகச் செய்தால், அந்த வருஷம் பஞ்சாயத்து அந்த வேலையைக் கணக்கில் காட்டாது. போட்டோ உங்களுக்கு, கூலி போனது எங்களுக்கு.

இதே பாலக்காடு மாவட்டத்தில் பூக்கோட்டுக்காவு பஞ்சாயத்தில் நூறுநாள் வேலைப் பெண்கள் கிணறே தோண்டினார்கள். தூர்வாரியதைச் சொல்லவில்லை, புதுக் கிணறு, இடுப்பில் கயிறு கட்டி இறங்கித் தோண்டினார்கள். அவர்களுக்கு யார் முகாம் நடத்தினார்கள்?

முகாம் மாணவி:

அக்கா, அந்த முகாமில் நானும் இருந்தேன். நீங்கள் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. ஆனால் அந்தக் கிணற்றுக்கு எஸ்டிமேட் போட்டு வருஷக்கணக்காகிறது என்று ஊர்ப் பெரியவர்கள் சொன்னார்கள். நாங்கள் போகவில்லையென்றால் பெண்களுக்குக் கூலியும் வந்திருக்காது, கிணறும் அப்படியேதான் கிடந்திருக்கும். சேற்றை வாளியில் அள்ளி மேலே கொடுத்தது நாங்கள் என்றாலும், எங்கே மிதிக்க வேண்டும், எங்கே ஊற்றுக்கண் இருக்கிறது என்று உள்ளே நின்று காட்டியது அந்த ஊர் அம்மா ஒருவர்தான். அவருக்கு நாள் கூலி கொடுத்தோம். ஆனால் கல்வெட்டில் அவர் பெயர் இல்லை.

நூறுநாள் அட்டை:

கல்வெட்டை விடு கண்ணு. அந்த அம்மாவைக் கூப்பிட்டது நல்ல காரியம். எஸ்டிமேட் ஏன் நின்றது என்று கேட்கிற முகாம் ஒன்று நடத்துங்கள், நானும் வருகிறேன்.

எல்லைக்கல்:

இதெல்லாம் சில்லறை வேலை. பரம்பிக்குளம் ஆழியாறு நதிநீர் ஒப்பந்தப்படி மணக்கடவு அணைக்கட்டில் வருஷத்துக்கு 7.25 டி.எம்.சி. கேரளத்துக்கு வர வேண்டும். 1970இல் கையெழுத்தானது. தமிழ்நாடு அதை ஒழுங்காக விட்டால் நம் பாலக்காட்டுச் சித்தூரின் கிழக்குப் பக்கம் யாருக்கும் தொட்டி வேண்டாம்.

ஆனைமலை:

ஒழுங்காகத்தான் விடுகிறோம். நீங்கள் மூலத்தறைத் தடுப்பணையில் பிரிப்பதை முதலில் சரியாகப் பிரியுங்கள்.

எல்லைக்கல்:

ஒழுங்காகவா? பங்குனி மாதம் சித்தூர்ப்புழை ஆற்றை வந்து பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

பதிக்காரன்:

இரண்டு பேரும் பெரிய மனசு பண்ணி அதற்குத் தனி இழை தொடங்குங்கள். நானே அங்கே வந்து சண்டை போடுகிறேன். வாய்க்கால் தண்ணீர் வயலுக்கும் ஏரிக்கும் போகும். எங்கள் பதி மேட்டில் இருக்கிறது, அது 7.25 வந்தாலும் ஏறாது.

அகளி வாசி:

அட்டப்பாடியிலிருந்து எழுதுகிறேன். எங்களிடம் இதற்குப் பெரிய அளவில் அனுபவம் உண்டு. 1996இல் ஜப்பான் கடனுதவியில் அஹாட்ஸ் என்று ஒரு திட்டம் தொடங்கியது. மொட்டையாகிப்போன மலையில் மரம் வைப்பது, மண் அரிப்பைத் தடுப்பது, தடுப்பணை கட்டுவது, வீடு கட்டுவது. தமிழ்நாட்டு எல்லையோரம் ஓடுகிற கொடுங்கரைப்பள்ளம் வற்றிக் கிடந்தது, அதில் திரும்பத் தண்ணீர் வந்ததை நாங்கள் கண்ணால் பார்த்தோம்.

நான் சொல்ல வந்தது வீடுகளைப் பற்றி. காண்ட்ராக்டர் கட்டிய பழைய வீடுகள் ஒழுகின. அஹாட்ஸ் காலத்தில் ஊர் விகசன சமிதி என்று ஒவ்வொரு ஊரிலும் ஒரு குழு அமைத்து, வேலையை அவர்கள் கையிலேயே கொடுத்தார்கள். சிமென்ட் மூட்டையை எண்ணி இறக்கியது, மணலில் மண் கலந்திருந்தால் லாரியைத் திருப்பி அனுப்பியது எல்லாம் அந்த ஊர்க்காரர்கள். அந்த வீடுகள் பரவாயில்லை. ஆனால் திட்டம் முடிந்து ஆபீஸ் மூடியதும் சமிதிகள் பல இடத்தில் பேருக்குத்தான் இருந்தன. சம்பளம் வாங்கிக்கொண்டு குழுவைக் கூட்டி வைத்தவர்கள் போய்விட்டார்கள், அவ்வளவுதான் காரணம். உங்கள் இளைஞர் மன்றத்தில் எத்தனை பேர் இன்னும் இரண்டு வருஷத்தில் ஊரில் இருப்பார்கள்? எல்லாரும் திருப்பூர் போய்விட்டால் மோட்டார் சாவி யாரிடம் இருக்கும்?

பதிக்காரன்:

சரியான இடத்தில் கை வைத்தீர்கள். இப்போது சாவி மன்றத் தலைவரிடம். அவருக்கு வளைகுடா விசா வந்துவிட்டது.

குப்பம் டீச்சர்:

சிரிப்பு வந்துவிட்டது, மன்னிக்கணும். நான் ஆந்திரா குப்பம் பக்கம். இங்கேயும் வீட்டில் தமிழ், வெளியில் தெலுங்கு. எங்கள் பள்ளிக்கூடத்தெருவில் ஒரு அறக்கட்டளை ஆர்.ஓ. பிளான்ட் (தண்ணீர் சுத்திகரிப்பு இயந்திரம்) வைத்துக் கொடுத்தது. ஆந்திராவில் 2014இல் அரசே என்.டி.ஆர். சுஜல திட்டத்தில் 20 லிட்டர் 2 ரூபாய்க்குக் கொடுக்க ஆரம்பித்த சமயம், ஊருக்கு ஊர் பிளான்ட் மோகம். எங்களுடையது ரிப்பன் வெட்டிய அன்றைக்கு அவ்வளவு ஜோர். அதற்குள் இருக்கிற மெம்பிரேன் (வடிகட்டும் சவ்வு) மாற்றப் பணம் வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. ஃபில்டர் அடைத்தது, தண்ணீர் உப்பாக வந்தது, பிறகு நின்றது. அந்த அறைக்குள் இப்போது விநாயகர் சதுர்த்தி மைக்செட் வைத்திருக்கிறார்கள். கழிவுத் தண்ணீர் கொட்டிய இடத்தில் ஒரு பெரிய வேலிக்காத்தான் புதர் மட்டும் செழிப்பாக இருக்கிறது.

தம்பி, ஓடுகிற செலவை முதல் நாளே கூட்டத்தில் சொல்லிவிடுங்கள். இலவசம் என்று ஒரு மாதம் பழகிவிட்டால் அப்புறம் பத்து ரூபாய் கேட்டாலும் முகம் திரும்பும்.

தண்ணிக் கணக்கு:

செலவு பெரிதல்ல. 1 ஹெச்.பி. மோட்டார் நாளுக்கு இரண்டு மணி நேரம் ஓடினால் சுமார் 2 யூனிட், மாதம் 60. அதோடு பிளீச்சிங் பவுடர்: வழக்கமாக 1,000 லிட்டருக்கு 2.5 கிராம். மழைக்காலத்திலும் வயிற்றுப்போக்கு வந்தாலும் 5 கிராம். தூர்வாரிய கிணறு என்பதால் முதல் தடவை 5 கிராமே போடுங்கள். ராத்திரி கலக்கிவிட்டுக் காலையில் எடுங்கள். பெரிய செலவு மோட்டார் கம்பிச்சுருள் கருகும்போதுதான் வரும், அதற்கு ஒரு தொகை எப்போதும் கையில் இருக்க வேண்டும்.

பதிக்காரன்:

வீட்டுக்கு 50 ரூபாய் என்று யோசித்தோம். நாற்பது வீடு, 2,000. அதில் மோட்டார் போடுகிறவருக்கு 1,000.

நூறுநாள் அட்டை:

ஆயிரம் ரூபாய்க்கு ஒரு அம்மா தினமும் காலையும் மாலையும் வந்து மோட்டார் போட்டு, மருந்து கலக்கி, குழாயடிச் சண்டையும் தீர்க்கணுமா? நீங்கள் வருவீங்களா அந்தச் சம்பளத்துக்கு?

முகாம் மாணவி:

அக்கா சொல்வது சரி. கிணற்றுக்குள் நின்று வழிகாட்டிய அம்மாவையே கேளுங்கள். அவருக்கு அந்தக் கிணறு தெரியும். ஆனால் மரியாதையான சம்பளமாக இருக்கட்டும்.

பழைய கிளார்க்:

நான் பஞ்சாயத்து ஆபீசில் பல வருஷம் குப்பை கொட்டி ஓய்வு பெற்றவன். (எந்தப் பஞ்சாயத்து என்று கேட்காதீர்கள்.) நீங்கள் எல்லாரும் பேசியதில் ஒரு முக்கியமான காகிதம் விட்டுப்போயிருக்கிறது. இந்தக் கட்டடமும் தொட்டியும் குழாயும் பஞ்சாயத்தின் ஆஸ்தி ரிஜிஸ்டரில் ஏறிவிட்டதா?

கேரளத்தில் பஞ்சாயத்துக்குப் பராமரிப்பு நிதி என்று தனியாக வருகிறது. அதை ரிஜிஸ்டரில் இருக்கிற சொத்துக்குத்தான் செலவழிக்க முடியும். உங்கள் தொட்டி எவ்வளவு நல்ல தொட்டியாக இருந்தாலும், ரிஜிஸ்டரில் இல்லையென்றால் அது ஆபீசைப் பொறுத்தவரை இல்லாத தொட்டி. ஓவர்சியர் நினைத்தாலும் ஒரு மூட்டை சிமென்ட் ஒதுக்க முடியாது. ஆடிட்டில் பிடித்துவிடுவார்கள். தன்னார்வ வேலைகள் எத்தனையோ இப்படித்தான் நின்றுபோயின. கட்டியவர்களும் நல்லவர்கள், ஆபீசில் இருந்தவர்களும் கெட்டவர்கள் அல்ல. நடுவில் ஒரு கடிதம் எழுத ஆள் இல்லை.

இடம் யாருடையது? யாராவது தானமாகக் கொடுத்திருந்தால் வாய்வார்த்தை போதாது. பஞ்சாயத்தின் பெயருக்குப் பத்திரப்பதிவு ஆக வேண்டும். கொடுத்தவர் இருக்கிற வரை பிரச்சினை வராது, அவருடைய பிள்ளைகள் காலத்தில் வரும்.

கரண்ட் கனெக்‌ஷன் யார் பெயரில்? தனியார் பெயரில் இருந்தால் அவர் விசா வாங்கிக்கொண்டு போனதும் பெயர் மாற்றமே ஒரு யாகம்.

கழிப்பறைக் குழிக்கும் கிணற்றுக்கும் எவ்வளவு தூரம்? கேரளக் கட்டட விதிப்படி 7.5 மீட்டராவது வேண்டும். குறைவாக இருந்தால் பஞ்சாயத்து ஏற்கவே ஏற்காது, ஏற்கவும் கூடாது.

பதிக்காரன்:

ஐயா, நீங்கள் இரண்டு மாதம் முன்னாடியே இங்கே வந்திருக்கலாம்.

குழி 11 மீட்டர் தள்ளி இருக்கிறது, டேப் பிடித்துப் பார்த்தோம். அது ஒன்றுதான் நல்ல செய்தி. இடம் மூன்று சென்ட், ஒரு தோப்புக்காரர் கொடுத்தது. இன்னும் வாய்வார்த்தையில்தான் இருக்கிறது. கனெக்‌ஷன் மன்றத் தலைவர் பெயரில். ரிஜிஸ்டர் என்ற பேச்சே எடுக்கவில்லை.

பழைய கிளார்க்:

பதறாதீர்கள், எல்லாம் இப்போதும் செய்யலாம். வார்டு மெம்பரைப் பிடித்து, சொத்தை ஏற்றுக்கொள்ளச் சொல்லி ஊர் சார்பில் மனு எழுதுங்கள். பிளான், செலவுக் கணக்கு, கொத்தனார் ரசீது, செங்கல் கொடுத்தவரின் கடிதம் எல்லாம் இணையுங்கள். பஞ்சாயத்துக் கமிட்டியில் தீர்மானம் ஆக வேண்டும், அந்தத் தீர்மான எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கிராம சபையில் ஊர்ப்பெண்கள் எழுந்து கேட்டால் வேகம் கூடும். மனுவைத் தமிழிலேயே கொடுக்கலாம், உங்கள் பக்கம் மொழிச் சிறுபான்மைப் பகுதி. கூடவே மலையாளத்தில் ஒரு பிரதி வைத்தால் மேசையில் தூங்காது.

கல்வெட்டு ஆர்டர் கொடுத்துவிட்டீர்கள் என்கிறீர்கள். அதில் மந்திரி, எம்.எல்.ஏ. பெயர் இருந்தால் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் தீர்மானம் ஆவதற்கு முன்னால் கல்லை நடாதீர்கள்.

மேஸ்திரி மகன்:

கல்வெட்டில் கொத்தனார் பெயரையும் போடுங்கப்பா. கோயில் கட்டினால் ஸ்தபதி பெயர் வருகிறது.

பதிக்காரன்:

நேற்று ராத்திரி ஊர்க்கூட்டம் நடந்தது. சண்டை இல்லாமல் இல்லை. முடிவானதை மட்டும் எழுதுகிறேன்.

ஞாயிறு திறப்பு விழா தள்ளிப்போகிறது. மாணவர்களுக்கு அன்றைக்குச் சாப்பாடு உண்டு, அது மாறாது. கல்வெட்டுக்காரரிடம் சொல்லியாயிற்று, முன்பணம் திரும்ப வராதாம், எழுத்தை மட்டும் மாற்றித் தருவாராம்.

வீட்டுக்கு மாதம் 80 ரூபாய். நாற்பது வீடும் கொடுத்தால் 3,200 வரும். அதில் 2,000 மோட்டார் போடுகிற அம்மாவுக்கு, அவர் ஒத்துக்கொண்டார். அவர் வைத்த ஒரே நிபந்தனை, சாவி தன்னிடம் மட்டும்தான் இருக்கும், மன்றத்துப் பையன்கள் நடுராத்திரி வாலிபால் ஆடிவிட்டுக் குளிக்க மோட்டார் போடக் கூடாது. கைதட்டல் அதற்குத்தான் அதிகம். மீதி 1,200இல் கரண்ட், பிளீச்சிங், மிஞ்சுவது மோட்டார் நிதி. பணம் குடும்பஸ்ரீ அயல்கூட்டத்தின் (பெண்கள் சுயஉதவிக் குழு) கணக்கில் போகும், மன்றத்தின் கணக்கில் அல்ல. இதில் மன்றத்துக்கு வருத்தம்தான். ஆனால் அயல்கூட்டம் வாரம் தவறாமல் கூடுகிறது, மன்றம் ஓணத்துக்கும் பொங்கலுக்கும் கூடுகிறது.

மூன்று வீட்டுக்காரர்கள் 80 கொடுக்க மாட்டோம், எங்களுக்குச் சொந்தக் கிணறு இருக்கிறது என்றார்கள். அவர்களை விட்டுவிட்டோம், இப்போதைக்கு 2,960தான் வரும். கோடையில் அவர்களாகவே வருவார்கள் என்று ஒரு பாட்டி சொன்னார்.

தோப்புக்காரர் பத்திரத்துக்குச் சம்மதம். பதிவுச் செலவு யாருடையது என்பதில் மட்டும் இழுபறி.

எல்லைக்கல்:

பதிவுச் செலவுக்கு நான் ஒரு தொகை தருகிறேன். தனிமடலில் வாருங்கள். டி.எம்.சி. சண்டை தனி.

நூறுநாள் அட்டை:

சாவி விஷயம் படித்துச் சிரித்தேன். அந்த அம்மாவுக்கு என் வணக்கம் சொல்லுங்க.

தண்ணிக் கணக்கு:

எல்லாம் சரி, தண்ணீர்ச் சோதனை என்ன ஆயிற்று? கேரள வாட்டர் அதாரிட்டி (குடிநீர் வாரியம்) லேபில் கொடுக்கலாம். ஃபுளோரைடு, உப்பு பார்க்க சுத்தமான பிளாஸ்டிக் கேனில் 2 லிட்டர். அந்தக் கிணற்றுத் தண்ணீராலேயே மூன்று தடவை அலசிவிட்டுப் பிடியுங்கள். கிருமி பார்க்க லேபிலேயே கிருமிநீக்கம் செய்த பாட்டில் தருவார்கள், அதை அலசக் கூடாது, அன்றைக்கே கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். பிளீச்சிங் போடுவதற்கு முன்னால் எடுங்கள், போட்டபின் எடுத்தால் கிருமியே இல்லை என்று பொய்யாக நல்ல ரிசல்ட் வரும்.

பதிக்காரன்:

நாளைக்குக் காலையில் எடுக்கிறோம். பிளீச்சிங் இன்னும் போடவில்லை. பாட்டிலோடு திருப்பூர்ப் பையன் ஒருவன் பைக்கில் போகிறான். வெளிச்சுவர்க் குழாய் மூன்றும் கழற்றியாயிற்று, டிரம் சனிக்கிழமை வரும்.